லாச்சப்பலில் பால்சுறா

லீவு என்றால் எனக்கு நித்திரை. வேறு அர்த்தம் கிடையாது. இருபத்திரண்டு வருசமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை எங்கேயிருந்து வரும்? சீவியமே ஊர் சுற்றல்தான், அதுவும் ஒரே ஊரை. இடுப்பில் நாரி நோவுக்கு ஒரு தைலம், கழுத்து நோவுக்கு இன்னொரு தைலம், லீவுக்குக் கட்டில். இந்தமுறையும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா குழப்பிவிட்டாள்.

அக்காவின் மகள் தர்சினி கலியாணம் கட்டிப் பாரிஸுக்குப் போய் நாலு வருசம். முதல் பிள்ளை, நாள் வர ஏழு கிழமை இருக்கவே, முந்திப் பிறந்துவிட்டது. தாயை வீட்டுக்கு விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தாய்ப்பாலைவிட நல்ல மருந்து இல்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தர்சினிக்கோ பால் இல்லை. அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு தரம் விசாவுக்குப் போட்டாள். இரண்டு தரமும் இல்லை என்று கடிதம். அவள் திரும்பிப் போவாள் என்பதற்கு அத்தாட்சி போதாதாம்.

"இஞ்சை எனக்கு வீடு கிடக்கு, வளவு கிடக்கு, ஆடு கிடக்கு. நான் ஏன்ராப்பா அங்கை போய் நிக்கப்போறன்?" என்று டெலிபோனில் அழுதாள். அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துவிட்டு, "நீ போ தம்பி" என்றாள்.

"நானோ? பிள்ளைப்பெத்தவளுக்குப் பத்தியம் போட ஆம்பிளை போறதோ? உனக்கென்ன விசரோ?"

"உன்னட்டைத்தான் லண்டன் பாஸ்போட் கிடக்கு."

என் மனிசிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அவள் ஒரு பின்னேரம் முழுக்கச் சிரித்துவிட்டு, மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தந்தாள். அக்கா டெலிபோனில் செய்முறை சொல்ல, நான் ஒரு கொப்பியில் எழுதினேன். "மெதுவாச் சொல்லக்கா, எழுதுறன்" என்று நான் கத்தக் கத்த அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். நாலு பக்கம் வந்தது. மிளகாயைக் கண்ணிலும் காட்டாதே. பச்சைத்தண்ணி குடுக்காதே. மல்லி மிளகுச் சரக்கை வறுத்து அரைத்து மீன்கறி வை. எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னது: பால்சுறா. சுறாக்குட்டியை அவித்து, உதிர்த்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு வறை வறுக்க வேண்டும். பால் சுரக்க அதைவிட மருந்து கிடையாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம்.

பஸ்ஸில் போனேன். பயணியாக இருப்பது எனக்கு ஆகாத வேலை. டிரைவர் பிரேக் போட வேண்டிய இடத்தில் போடாவிட்டால் என் வலது கால் தானாகவே போடும். போதாக்குறைக்கு, புறப்படுகிற நேரத்தில் ஒரு பெட்டை வாசற்படியில் ஒற்றைக்காலை வைத்துக்கொண்டு டெலிபோன் கதைத்தாள். பஸ் வாசலில் நின்று கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது ஓட்டினவனைவிட நான்தான் களைத்துப்போயிருந்தேன்.

தர்சினி குடும்பம் இருப்பது பாரிஸுக்குப் புறத்தே பொண்டியில், நாலாம் மாடியில், லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில். மருமகன் சுதன் நல்ல பெடியன். ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. "மாமா, குறை நினைக்காதேங்கோ. வக்கான்ஸ் முழுக்கப் பிள்ளை பிறந்த கையோடை எடுத்து முடிச்சிட்டன்" என்றான். வக்கான்ஸ் என்றால் லீவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெருமூச்சு வந்தது.

தர்சினியைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், எங்கள் தர்சினியோ இது என்றிருந்தது. மேசையில் பால் எடுக்கிற மெசின் ஒன்று. பக்கத்தில் சின்னப் போத்தில். அதன் அடியில் ஒரு தேக்கரண்டி பால் இருக்கும். அதை அவள் மூடி, பேர் ஒட்டி, பொன்போல ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் காலமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்குப் போனேன். பொண்டியில் ரெயில் ஏறினால் மஜெந்தாவில் இறங்கி நடக்கிற தூரம். கொழும்பில்கூட இவ்வளவு தமிழ் எழுத்தை ஒரே தெருவில் நான் பார்த்ததில்லை. நகைக்கடை, புடைவைக்கடை, ஐயர் மாலை வாங்கிக்கொண்டு போகிறார், பப்பியே நிரப்பித் தருவதாக ஒரு கண்ணாடியில் எழுதியிருக்கிறது, வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. பப்பியே என்றால் இங்கே அகதிப் பத்திரம் முதல் வாடகைப் பத்திரம் வரைக்கும் எல்லாம்தான். எங்கள் லண்டன் ஹரோவில் கடைக்காரர் வாங்கோ என்பார்கள். இங்கே பொன்சூர் அண்ணை என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். கத்தரிக்காய் எங்களுடையதைவிட நல்லது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பால்சுறா மட்டும் இல்லை. முதல் கடையில் விளைமீன் காட்டினான். இரண்டாவது கடையில் ஒரு முழுச்சுறாவின் நடுத்துண்டு, பலகைபோல உறைந்து கிடந்தது. "இது பால்சுறா இல்லையே தம்பி, இது அதின்ரை பேரன் பேத்தி கண்டது" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது கடையில் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு மனிசி மீன் வெட்டிக்கொண்டு நின்றா. மன்னார்ப் பக்கம்.

"ஆருக்கு அண்ணை? வீட்டிலை பிள்ளைப்பெறுவோ?"

"மருமோள். தங்கச்சி, எனக்குக் கால் கழண்டு போச்சு. இருந்தா இருக்கெண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ."

"இஞ்சை இல்லை. ஆனா இருக்கு" என்றா. கத்தியை வைத்துவிட்டு வாசல்வரை வந்து கையைக் காட்டினா. "உதாலை நேரை போக வெள்ளைக்காரற்றை சந்தை வரும். அங்கை தோலுரிச்சு, தலையில்லாமல், மெல்லிய ரோசா நிறத்திலை நீட்டா வைச்சிருப்பினம். சோமொனெத் எண்டு கேளுங்கோ. அதுதான் சாமான். அவையளுக்குச் சுறா எண்டு சொன்னாப் பயம், அதாலை பேரை மாத்தி வைச்சிருக்கினம். என்ரை மூண்டு பிள்ளையும் அதிலை வளந்ததுகள்."

சந்தையில் அது இருந்தது. தோலில்லாமல் அம்மணமாகக் கிடந்தாலும் எனக்குத் தெரியாதா? எனக்கு வந்த சந்தோசத்தில் மீன்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான். திரும்பி வந்து ஒரு கடையில் மற்றன் ரோலும் பிளேன்ரீயும் எடுத்தேன். ரோல் சூடு, ரீ ஆறல். கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்து, கடைக்காரப் பெடியன் வந்து தட்டி எழுப்பினான்.

மூன்றாம் நாள் சமையல். சரக்கை வறுக்க, சீலிங்கில் இருந்த புகை மணி அலறியது. மேல்மாடிக் கிழவர் வந்து கதவைத் தட்டினார். நான் கதவைத் திறந்து தாச்சியைக் காட்டினேன். அவர் குனிந்து மணந்துவிட்டு, ஏதோ சொல்லிக்கொண்டு படியேறினார். திட்டினாரோ புகழ்ந்தாரோ எனக்குத் தெரியாது. கறி மட்டும் அச்சொட்டாக அக்காவின் கறி. ருசி பார்த்தபோது நானே அசந்துபோனேன். நாலு பக்கக் கொப்பிக்கு நான் எழுத்துக்கெழுத்து உண்மையாக இருந்திருக்கிறேன்.

தர்சினி காலமையே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் பின்னேரம்வரை இருப்பாள். ஆஸ்பத்திரியும் மஜெந்தாப் பக்கம்தான், நான் பின்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு போவேன். பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. தாய்மார் சாப்பிட ஒரு சின்ன அறை இருந்தது, அதற்குள் ஆம்பிளைகள் போகக் கூடாது. ஆகவே பெட்டியை வாசலில் அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் கீழே முற்றத்தில் மரவாங்கில் இருப்பேன். பிள்ளையை அன்றைக்கு ஒருதரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பெடியன். என் கையில் பாதி நீளம். மூக்கில் குழாய். தொப்பிதான் ஆளைவிடப் பெரிது.

எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது. பத்தியக்கறி பிள்ளைப்பெற்றவளுக்கு. நான் பிள்ளை பெறவில்லை. நீட்டுப் பாண் ஒன்று வாங்கி, பாதியாக முறித்து, உள்ளே சம்பலை அடைத்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவேன். பொண்டி வீட்டில் உரல் இல்லை. ஒரு எவர்சில்வர்ப் பேணிக்குள் செத்தல் மிளகாயையும் உப்பையும் போட்டு, வெறும் போத்தில் ஒன்றின் அடியால் இடித்தேன். தனியாக இருந்து பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில் பழகிய வேலை. மத்தியானம் அந்த முற்றத்தில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுவதுதான் எனக்கு முழுநாளிலும் இருந்த ஒரே வக்கான்ஸ்.

பின்னேரம் பெட்டி திரும்பி வந்தது. கழுவினமாதிரிக் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவுக்கு எடுத்தேன். "பெட்டி காலி அக்கா! ஒரு பருக்கை இல்லை." அந்தப் பக்கம் அக்கா கடவுளைக் கூப்பிட்டாள்.

நாலாம் நாள் ஒரு வெட்கக்கேடு. மஜெந்தாவில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கத்தால் வெளியேறுவது என்று திரும்பவும் குழம்பி, சாப்பாட்டுப் பையைத் தூணடியில் வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்க்கப் போனேன். கண்ணாடி போடாமல் வந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பிப் பார்க்க, சனத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு காவலர்கள் என் பையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ சொல்கிறார்கள். ரெயில் வரவில்லை. ஆயிரம் பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தனியாகக் கிடக்கும் பையைக் கண்டால் என்ன செய்வது என்று எனக்கே படிப்பித்திருக்கிறார்கள். லண்டனில் ஒருதரம் இப்படி ஒரு பைக்காக முழுப் பஸ்ஸையும் இறக்கி, அதை விட்டுவிட்டுப் போனவனை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. அந்தத் திட்டு எல்லாம் சுற்றிச் சுழன்று எனக்கே வந்து சேர்ந்தது.

"மை பாக், மை பாக்" என்று கையைத் தூக்கிக்கொண்டு போனேன். திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். உள்ளியும் சுறாவும் மிளகும் சேர்ந்த மணம் அந்தப் பாதாள நிலையத்தில் கிளம்பியது பாருங்கள். இளைய காவலன் ஒரு அடி பின்னால் வைத்தான். மற்றவர் வயதானவர், குனிந்து பார்த்தார். நான் வயிற்றைத் தடவி, கையைத் தொட்டில்போல ஆட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. மூடு, மூடு, போ என்று கையைக் காட்டினார். பின்னால் நின்ற ஒரு தமிழ்ப்பெடியன், "அண்ணை, எங்கடை மானத்தை வாங்கிப்போட்டியள்" என்றான். அவனும் வேலைக்குப் பிந்தியிருப்பான், பாவம்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள் இப்படியே போயின. நாலு மாடி இறங்கு, ரெயில் ஏறு, மீன் வாங்கு, நாலு மாடி ஏறு, சமை, திரும்பவும் இறங்கு. என் நாரி பாரிஸில் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டது. ஈபிள் கோபுரத்தை ரெயில் யன்னலால்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் பெட்டி ஒவ்வொரு நாளும் காலி. அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் அறிக்கை. அக்கா அயலட்டைக்கெல்லாம் என் கைப்பக்குவத்தைச் சொல்லித் திரிந்தாளாம்.

ஒன்றுதான் இடித்தது. போத்திலின் அடியில் அதே தேக்கரண்டிப் பால்தான். ஆறாம் நாள் தாதி வாசலுக்கு வந்து தர்சினியிடம் நெடுநேரம் கதைத்தா. என்ன சொல்கிறா என்று கேட்டேன்.

"பிள்ளை நிறை வைக்குதில்லையாம். இன்னும் ரெண்டு மூண்டு நாள் பாப்பினமாம். பால் வராட்டி மாப்பால் தொடங்கவேணுமாம். நான் வடிவாச் சாப்பிடுறனோ எண்டு கேக்கிறா."

"சாப்பிடுறாய்தானே. பெட்டியைக் காட்டு அவவுக்கு."

தர்சினி நிலத்தைப் பார்த்தாள். பாவம், களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளி காணாதுபோல என்றும் நினைத்தேன். அடுத்த நாள் இரண்டு மடங்கு உள்ளி போட்டேன்.

ஏழாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழுவப் போனால், பாரமாக இருந்தது. திறந்தேன். உள்ளே சோறு. அதன்மேல் செம்மண் நிறத்தில் தடித்த குழம்பு, ஒரு துண்டு ஆட்டிறைச்சி, ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு. விரலால் தொட்டு நக்கினேன். கச்சான்! நிலக்கடலையை அரைத்து வைத்த குழம்பு. இது நான் வைத்த கறி இல்லை. தர்சினி வைத்ததும் இல்லை. பிறகு யார் வைத்தது?

அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்களைச் சின்னனில் பழக்கியிருக்கிறார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு குசினியில் நிற்க, மெல்ல மெல்ல எனக்கு வெளித்தது. யாரோ என் பெட்டிக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். என் சாப்பாட்டை ஐந்து நாளாகச் சாப்பிட்ட யாரோ.

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாகவே வந்தது. நாலு மாடியும் சுறாவும் காவலர்களும் கண்முன்னே வந்து போயினர். ஆனால் பசியும் இருந்தது. நின்றபடியே அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். அருமையான குழம்பு.

எட்டாம் நாள், யாரென்று நேரே பார்ப்பதற்காக, விடியமுன் சமைத்துத் தர்சினியோடேயே வெளிக்கிட்டேன். வாசலில் பெட்டியைக் கொடுக்கும்போது, பெரிய பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிய ஒரு பிள்ளை உள்ளே இருந்து வந்தாள். தர்சினியின் வயதுதான். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், சிரித்தாள், திரும்பவும் கையைக் குலுக்கினாள். தர்சினியின் முகம் வெளிறிப்போனது.

"என்ன சொல்லுறா?"

"இவ ஃபாத்து. மாலி நாட்டுப் பிள்ளை. எங்கடை பிள்ளையின்ரை பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி இவவின்ரை மகள்."

"சொல்லு."

"உங்கடை மீன் சாப்பிட்டு நாலாம் நாளே பால் பொங்கி வருதாம். பிள்ளைக்குக் குடுத்தும் மிச்சமாம். உங்களைக் கடவுள் காப்பாத்தவேணுமாம். நேற்று வைச்ச சோறு பிடிச்சுதோ எண்டு கேக்கிறா."

அக்காவின் சட்டம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆள்தான் மாறிப்போயிற்று. "பிடிச்சுது எண்டு சொல்லு. நல்ல குழம்பு எண்டு சொல்லு" என்றேன். ஃபாத்து பெட்டியை வாங்கிக்கொண்டு சந்தோசமாக உள்ளே போனாள். நான் தர்சினியைக் கீழே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நீ ஒரு நாளும் சாப்பிடேல்லையோ?"

"முதல் நாள் ஒரு வாய் வைச்சனான் மாமா."

"பிறகு என்ன வந்தது? உன்ரை பிள்ளை அங்கை குழாயோடை கிடக்குது. நான் இஞ்சை சுறாவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலையிறன். பிடிக்காட்டிப் பிடிக்கேல்லை எண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"நல்லாத்தான் இருந்தது." அவள் அழத் தொடங்கினாள். "அதுதான் மாமா பிரச்சினை. அப்பிடியே அம்மாவின்ரை கறி. அதே மணம். அம்மா வருவா எண்டு ரெண்டு தரம் கட்டில் போட்டு, விரிப்பு விரிச்சு வைச்சனான். அம்மா வரேல்லை. கறி மட்டும் வந்திருக்கு. வாய்க்குள்ளை வைச்சா அழுகைதான் வருது. இறங்குதில்லை. நீங்கள் அவ்வளவு கஸ்ரப்பட்டுக் கொண்டு வாறியள், கொட்டவும் மனமில்லை. ஃபாத்துவுக்கும் தாய் ஊரிலைதான். விசா இல்லை. அவ ஒரு வில்லை பிஸ்கட்டோடை இருந்தவ."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு நாளாக ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஓட்டுகிறவன் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தரிப்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். கைக்கு வேலை வேண்டும் என்பதற்காக என் பாண் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"உதென்ன மாமா?"

"என்ரை சாப்பாடு."

"சம்பலோ?"

"உனக்குக் கூடாது. மிளகாய்."

"தாங்கோ."

"பிள்ளை, கொப்பியிலை முதல் பக்கத்திலையே கிடக்கு. கொம்மா என்னை உயிரோடை விடமாட்டா."

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு கடி கடித்தாள். கண்ணால், மூக்கால் எல்லாம் தண்ணி. "உறைக்குது" என்றாள். ஆனால் அடுத்த கடியையும் கடித்தாள். சப்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. "அம்மாவின்ரை சம்பல் இப்பிடி இல்லை" என்றாள் வாய் நிறையப் பாணோடு. "அவ வறுக்காமல் பச்சையா அரைப்பா. இது வேறை. இது உங்கடை." தன் பாதியை முடித்து, என் பாதியையும் எடுத்துச் சாப்பிட்டாள். கடைசியில் பேப்பரில் ஒட்டியிருந்ததையும் விரலால் தொட்டு நக்கினாள். நான் பட்டினி. பாரிஸுக்கு வந்து எனக்கு வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான்.

மேலே போய்த் தாதியைக் கேட்கச் சொன்னேன், மிளகாய் சாப்பிடலாமோ என்று. தாதி சிரித்தாவாம். "அவ எதையெண்டாலும் சாப்பிடட்டும். சாப்பிட்டாக் காணும்" என்றாவாம். என் அக்காவின் நாலு பக்கத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியை வைத்தால் பெரிய சண்டை வரும்.

பிறகு இரண்டு நாள் இரட்டைச் சமையல். ஃபாத்துவுக்குச் சரக்குக் கறியும் சுறா வறையும். தர்சினிக்குப் பாண், சம்பல், முட்டைப் பொரியல், பருப்பு. அவள் முற்றத்துக்கு இறங்கி வந்து என்னோடு வாங்கில் இருந்து சாப்பிட்டாள். சுதனைப் பற்றிச் சொன்னாள், முதல் குளிரில் சப்பாத்து இல்லாமல் திரிந்ததைச் சொன்னாள். கதைக்கக் கதைக்கத் தின்றாள். ஒன்பதாம் நாள் போத்திலில் பால் பாதிக்கு வந்தது. பத்தாம் நாள் காலமை கழுத்துவரை நின்றது. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். பிள்ளைக்கு மாப்பால் தேவையில்லை என்று தாதி எழுதிவிட்டா.

வெளிக்கிட முதல் வறையை நாலு பெட்டியில் போட்டு ஐஸ்பெட்டிக்குள் வைத்து, மூடியில் ஃபாத்து என்று எழுதிவிட்டு வந்தேன்.

பஸ் நிலையத்தில் வரிசையில் நிற்க, அக்கா எடுத்தாள்.

"வெளிக்கிட்டாச்சோ? இந்தா, அடுத்த மாசத்துக்கு என்ன வைச்சுக் குடுக்கிறதெண்டு சொல்லுறன். சுதனுக்குச் சொல்லிவிடு. அவள்தான் என்ரை கறியை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுறாளே."

ஓம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். பஸ் ஏறினால் கதை முடிந்துவிடும். ஆனால் அடுத்த மாசம் முழுக்க அவள் அங்கே இருந்து சொல்லச் சொல்ல, சுதன் வைக்க வைக்க, அந்தப் பிள்ளை இங்கே பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

"அக்கா, பெட்டி காலிதான். ஆனா அவள் சாப்பிடேல்லை." எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் விரித்து வைத்ததைச் சொன்னேன். ஃபாத்துவைச் சொன்னேன். சம்பலையும் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்து நான் பஸ் வாசலுக்கு வந்துவிட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ரை கறி பிடிச்சதாமோ?" என்றாள் அக்கா.

"பிடிச்சதாம். பொங்கி வருதாம்."

"நல்லது. ஆரின்ரையோ பிள்ளை." மூக்கைச் சிந்தினாள். "தம்பி, அந்தச் சம்பலுக்கு எத்தினை செத்தல்?"

"என்ன?"

"எத்தினை செத்தல் மிளகாய் எண்டு கேக்கிறன். வறுத்தனியோ, பொரிச்சனியோ? அரைச்சனியோ, இடிச்சனியோ? நான் திரும்பவும் விசாவுக்குப் போடப்போறன். அங்கை போய் நிண்டு எனக்குத் தெரியாது எண்டு முழிக்கேலாது. பொறு, பேனை எடுக்கிறன். இனி மெதுவாச் சொல்லு, எழுதுறன்."

என் ஒற்றைக்கால் படியில் இருந்தது. டிரைவர் கையைத் தட்டி, ஏறு, நேரமாகிறது என்று காட்டினான். அவன் முகத்தில் இருந்ததை நான் இருபத்திரண்டு வருசமாக என் முகத்தில் வைத்திருக்கிறேன். ஒரு நிமிசம் என்று அவனுக்கு விரலைக் காட்டிவிட்டு, வாசலிலேயே நின்று சொன்னேன்.

"ஏழு செத்தல், அக்கா. எண்ணெய் விடாமல் வறுக்கிறது. எழுதிட்டியோ?"